மேனேஜருக்கு ஆறு கிலோ காய்ந்த புல்

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் சுகம். மூவரில் ஒருவருக்கு நான்கு கால்கள் என்பதால் அவர் சுகத்தை மட்டும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னங்கால்கள் இரண்டும் பூரண சுகம். முன்னங்கால்களில் வலது சுகம், இடது சுகமாகிக்கொண்டு வருகிறது. அங்கே நீயும் உன் மகளும், பிறந்து இரண்டு மாதமே ஆன உன் பேத்தி, குட்டி எஜமானியும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. "மகள் இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள், என் முழங்காலும் அதையேதான் சொல்கிறது, இனி என்னால் குதிரை வளர்க்க முடியாது, மேனேஜருக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடு" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது. காலை பத்து மணிக்கு வாசல் கதவருகே வந்து நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் மாலை ஐந்து மணிக்கு உள்ளே போகும் ஜீவனுக்கு நீ மேனேஜர் என்று பெயர் வைத்தது சரிதான். ஆனால் பணி ஓய்வு பெற்ற பிறகு இன்னொரு மேனேஜரின் கீழ் வேலை பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கும் என நான் நினைக்கவில்லை. நல்ல இடம் கிடைத்துவிட்டது. வருகிற ஒன்றாம் தேதி ஒப்படைத்து, கையைக் கழுவிவிட்டு, அன்றே மதியம் கால் நீட்டிப் படுத்துத் தூங்கப்போகிறேன். அது எந்த இடம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உன் குதிரை என்னைப் படுத்திய பாட்டை நீ கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் பாதியை உனக்கு இதுவரை நான் எழுதவே இல்லை. எழுத தைரியம் வரவில்லை.

மகள் பிரசவத்துக்காக மேனேஜரை எங்களிடம் விட்டுவிட்டு நீ ரயில் ஏறிய ஒன்பதாம் நாள். அதற்கு முந்தைய வாரம் நல்ல மழை, வீட்டுப் பின்பக்கம் புல் முழங்கால் உயரத்துக்கு இளசாக வளர்ந்து கிடந்தது. வெட்ட ஆள் கூப்பிட வேண்டாம், ஆளே வந்து இறங்கியிருக்கிறார் என்று மேனேஜரை அங்கே அவிழ்த்துவிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு நாலு நாள் ஜன்னல் வழியாக வேடிக்கையும் பார்த்தேன். ஒன்பதாம் நாள் காலை பார்த்தால் முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத சாய்வு நாற்காலியில் உட்காரப் பார்ப்பதுபோல நிற்கிறது. பதவிக்கு ஏற்ற தோரணை வந்துவிட்டது என்று சிரித்தேன். உன் தம்பி பெண்டாட்டிதான் அருகில் போய்க் குளம்பைத் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க, சிரிக்காதீங்க. கால் கொதிக்குது. இது நடக்க முடியாம நிக்குது" என்றாள்.

கால்நடை டாக்டரம்மா வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் பேசினால் தலைமையாசிரியை பேசுவதுபோல இருக்கிறது. குளம்பைத் தட்டிப் பார்த்தார், மார்பைச் சுற்றி அளவு நாடாவைப் போட்டு எடை பார்த்தார், பின்பக்கத்துப் புல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இதுக்குப் பேரு குளம்பழற்சி. குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சிட்டிருக்கிற சதை வீங்கியிருக்கு. நம்ம நகத்துக்கடியில அடிபட்டா எப்படித் துடிப்போம்? அந்த வலியோட இது நானூறு கிலோவைத் தாங்கி நிக்குது. ஏற்கெனவே குண்டு. அதுல இளம்புல்லு வேற. அதுல இருக்கிற சர்க்கரை இதுக்கு விஷம்" என்றார். சரியாகிவிடுமா என்று கேட்டேன். "எடை குறையணும். புல்லு கூடாது. சொன்னபடி மருந்து போகணும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உள்ள எலும்பு கீழே இறங்கிடும். அப்புறம் எழுந்து நிக்காது. நிக்க முடியாத குதிரையை வலியோட வெச்சிருக்க மாட்டோம் சார், போய்ச் சேர விட்டுடுவோம்" என்றார். அக்கா, உன் குதிரைக்கு விஷத்தை அள்ளிப் போட்டது நான். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். நாள் ஒன்றுக்கு ஆறு கிலோ காய்ந்த புல், அதையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரை கரைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தர வேண்டும். தானியம், தவிடு, வெல்லம், கேரட், ஆப்பிள் எதுவும் வாசனைக்குக்கூடக் கூடாது. வலிக்கான பொடி காலை ஒன்று மாலை ஒன்று. குளம்பு வலுப்பட ஒரு சத்துப்பொடி. படுக்க மரத்தூள் ஒரு முழம் உயரத்துக்கு. வெளியே கூட்டிப்போனால் மேயாதபடி வாய்க்கு மூடி. இதைப் படித்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டான். நான் யார்? முப்பத்தொரு வருடம் எடை அளவு இலாகாவில் ஆய்வாளராக இருந்தவன். என் பெயரைக் கேட்டால் சந்தையில் தராசுகள் தானாக நேராகும். பரண்மேல் இருந்த பழைய தராசை இறக்கி, துடைத்து, முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துச் சோதித்து, கொட்டகை வாசலில் தொங்கவிட்டேன். ஆறு கிலோ என்றால் ஆறு கிலோ. ஒரு துரும்பு கூடினாலும் எடுத்துக் கீழே போட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். மேனேஜரும் என்னோடு சேர்ந்து முள்ளைப் பார்த்தது, ஆனால் அதன் ஆசை வேறு.

மருந்துக் கதைக்கு வருகிறேன். பொடியை எதிலாவது ஒளித்துத்தான் கொடுக்க வேண்டும், ஒளிக்கத் தகுந்த பண்டம் எல்லாவற்றுக்கும் தடை. குதிரைமசால் என்ற தீவனச்செடியின் இலை ஒரு பிடியில் கலந்து கொடுக்கலாம் என்று டாக்டரம்மா மனமிரங்கினார். கலந்து வைத்தேன். மேனேஜர் ஒவ்வோர் இலையாக எடுத்து, உதறி, தின்று முடித்தபோது பாத்திரத்தின் அடியில் பொடி அப்படியே குவியலாக இருந்தது. சந்தேகத்துக்கு எடை போட்டேன், கொடுத்ததில் ஒரு சிட்டிகை குறையவில்லை. அடுத்து, பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வாயோரம் பீய்ச்சச் சொன்னார்கள். பீய்ச்சினேன். வாயை மூடிக்கொண்டது. பொறுமையாக, மரியாதையாக நின்றது. நான் சிரிஞ்சைக் கீழே வைத்து "நல்ல பிள்ளை" என்று சொல்லும்வரை காத்திருந்து, என் முகத்துக்கு நேராக ஒரு தும்மல் போட்டது. நாலு நாளில் வலி மருந்து குதிரையைவிட என் சட்டைகளுக்குத்தான் அதிகம் போயிருக்கும். ஐந்தாம் நாள் உன் தம்பி பெண்டாட்டி வந்து சிரிஞ்சைப் பிடுங்கி, பக்கவாட்டில் நின்று, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டே வாயோரம் செலுத்தி, தொண்டையை நாலு முறை நீவினாள். மடக்கென்று விழுங்கிவிட்டது. "நீங்க அதோட கண்ணைப் பாத்துக்கிட்டே குடுக்கறீங்க. அப்புறம் அது உஷாராகாம என்ன பண்ணும்? நாப்பது வருஷமா உங்களுக்கு மாத்திரை குடுக்கறேனே, உங்களுக்குத் தெரிஞ்சா குடுக்கறேன்?" என்றாள். இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் சர்க்கரை வியாதி உனக்குத் தெரியும். ஆகவே ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள், இருவருக்கும் இனிப்பு கிடையாது, இருவருக்கும் காலை மாலை மருந்து, இருவரையும் நடக்க வைக்க ஒரே பெண்மணி. அடுக்களை அலமாரியில் என் டப்பாக்களும் அதன் டப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததில் ஒரு சின்னத் தவறு நடந்தது. குளம்புச் சத்துப்பொடியைப் பால்பொடி என்று நினைத்து ஒரு வாரம் தேநீரில் கலந்து குடித்திருக்கிறேன். ருசி மோசமில்லை. கண்டுபிடித்த அன்று பயந்துபோய் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். அவர் வெகுநேரம் சிரித்துவிட்டு, "ஒண்ணும் ஆகாது சார், நிறுத்திடுங்க. குதிரைக்கு ஒரு வாரம் போகலையே, அதுதான் கவலை" என்றார். என் நகங்கள் மட்டும் இப்போது வாரம் இருமுறை வெட்டும்படி வளர்கின்றன.

ஆறாம் வாரம் டாக்டரம்மா வந்து நாடாவைப் போட்டுப் பார்த்தார். பதினைந்து கிலோ குறைந்திருந்தது. "கரெக்டா சொன்ன மாதிரி இறங்கியிருக்கு சார். இவ்வளவு ஒழுங்கா யாரும் செஞ்சு நான் பாத்ததில்லை" என்றார். நான் தராசைக் காட்டினேன், எடைக்கல்லின் முத்திரையைக் காட்டினேன். அன்று முழுதும் தரையில் கால் பாவாமல் நடந்தேன். உன் தம்பி பெண்டாட்டி ஒன்றும் பேசாமல் ஊறவைத்த புல்லை வடித்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்தை அப்போதே நான் சோதித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் மருந்துக்கடைக்குப் போனவன், சீட்டை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். கொட்டகையில் சத்தம். போய்ப் பார்த்தால் அவள் மார்போடு அணைத்து ஒரு அள்ளு புல்லை மேனேஜரின் முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"என்ன இது?"

"புல்லு."

"அது தெரியுது. யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"அது கேட்டுச்சு, குடுத்தேன்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"முதல் நாள்லேர்ந்துதான். காலையில நீங்க பேப்பர் படிக்கும்போது ஒரு அள்ளு, மத்தியானம் நீங்க தூங்கும்போது ஒரு அள்ளு. ஊறவெச்சு வடிச்சுத்தான் குடுக்கறேன், பயப்படாதீங்க. நீங்க போடறது எந்த மூலைக்குங்க போதும்? அது மூஞ்சியைப் பாத்தா தெரியலையா உங்களுக்கு?"

"ஒரு அள்ளுன்னா எத்தனை கிலோ?"

"ஒரு அள்ளுன்னா ஒரு அள்ளுதான்."

அக்கா, என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. முப்பத்தொரு வருடம் ஊரெல்லாம் கள்ள எடையைப் பிடித்தவன் வீட்டிலேயே கள்ளத் தீவனம்! ஒரு உயிரின் காலோடு விளையாடுகிறாய் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன், அவற்றை எழுதினால் நீ என்னைத்தான் திட்டுவாய். புல் வைத்திருந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கு வேண்டியதெல்லாம் நேரத்துக்கு மேசைக்கு வந்தது, அவள் குரல் மட்டும் வரவில்லை. மேனேஜரும் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஐந்தாம் நாள் காலை அதன் முன்னால் புல்லை வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு, தின்னாமல், சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. தலை தொங்கிப்போயிருந்தது. உடனே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

டாக்டரம்மா ஓடி வந்தார். நாடாவைப் போட்டார், ரத்தம் எடுத்தார், ஈறைப் பார்த்தார். "இவ்வளவு வேகமா ஏன் சார் இறங்கியிருக்கு? குண்டுக் குதிரையைத் திடீர்னு பட்டினி போட்டா உடம்புக் கொழுப்பெல்லாம் ரத்தத்துல ஏறி ஈரலைக் கெடுத்துடும். என்ன குடுக்கறீங்க?" என்றார். "ஆறு கிலோ. கிராம் சுத்தமா" என்றேன். அவர் ஒரு நிமிடம் தராசைப் பார்த்தார். அதன் கீழே தண்ணீர் சொட்டித் தரை ஈரமாகிக் கிடந்தது.

"சார், நனைக்கறதுக்கு முன்னாடி எடை போடறீங்களா, நனைச்சப்புறமா?"

"நனைச்சு, வடிச்சு, அப்புறம்தான். அது திங்கறது அதைத்தானே?"

"அதுல பாதிக்கு மேல தண்ணி சார்."

அக்கா, உலகத்தில் வேறு யார் இந்தத் தவறைச் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். ஒரு பருத்தி வியாபாரியின் மூட்டையில் ஈரம் இருந்ததற்காக, "பஞ்சை விக்கிறியா, தண்ணியை விக்கிறியா?" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தி, மூட்டைகளைப் பறிமுதல் செய்தவன் நான். அதற்காக மேலதிகாரி கையால் பாராட்டுக் கடிதம் வாங்கி, கண்ணாடி போட்டு, கூடத்தில் மாட்டியிருக்கிறேன். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா கண்முன்னாலேயே ஆறு கிலோ காய்ந்த புல்லை நனைத்து, வடித்து, எடை போட்டோம். பதினைந்து கிலோ. அப்படியானால் நான் தினமும் போட்ட ஈரப்புல் ஆறு கிலோவில் உண்மையான புல் இரண்டு கிலோ நானூறு கிராம். பிறகு டாக்டரம்மா உன் தம்பி பெண்டாட்டியைப் பார்த்து, "நீங்க எவ்வளவும்மா குடுத்தீங்க? அள்ளிக் காட்டுங்க" என்றார். அவள் என்னைப் பார்க்காமல் காய்ந்த புல்லில் ஒரு அள்ளு, இன்னொரு அள்ளு அள்ளித் தட்டில் போட்டாள். முள் ஆடி நின்றது. மூன்று கிலோ அறுநூறு கிராம். இரண்டையும் கூட்டிப் பார். நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். ஆறு.

"இத்தனை நாள் குதிரையைக் காப்பாத்தினது அம்மாவோட கைதான் சார்" என்றார் டாக்டரம்மா. நல்லவேளையாக ஐந்து நாளோடு போயிற்று, ரத்தத்தில் அளவு கொஞ்சம்தான் ஏறியிருந்தது, ஒரு வாரத்தில் இறங்கியும் விட்டது. அவர் போன பிறகு நான் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "மன்னிச்சுக்கோ" என்றேன். பழக்கமில்லாததால் குதிரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. "அதுக்குக் கேட்டிருக்கும்" என்றாள். ஐந்து நாளுக்குப் பிறகு கேட்ட குரல், கொட்டகை என்றும் பாராமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தராசு இப்போதும் தொங்குகிறது. முதலில் அவள் அள்ளுவாள், பிறகு நான் எடை போடுவேன், முள் ஆறில் நிற்கும். தராசு சரியாக இருக்கிறதா என்று அவள் கையை வைத்துத்தான் சோதிக்கிறேன்.

பத்தாம் வாரம் லாடக்காரர் வந்து குளம்பைச் சீவி, அடியில் மெத்தென்ற அட்டை வைத்துக் கட்டினார். அவர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். வேலையை முடித்து, "விடுங்க ஐயா, நடக்குதா பார்ப்போம்" என்றார். அதோடு அன்றைய கணக்கு தீர்ந்தது. கயிற்றைத் தளர்த்தினேன். மேனேஜர் மரத்தூளில் ஒரு அடி வைத்தார். நின்றார். இன்னொரு அடி வைத்தார். பிறகு எங்கள் மூவரையும் பொருட்படுத்தாமல் கொட்டகையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வாய்மூடியோடு நேராக வாசல் கதவுக்குப் போய் நின்று, தபால்காரரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து மணி. அக்கா, அவர் வேலைக்கு வந்துவிட்டார்! உன் தம்பி பெண்டாட்டி கை தட்டினாள். லாடக்காரர் ஐந்தாவது வார்த்தை பேசினார், "சபாஷ்" என்றார். நான் தபால்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் கையில் இருந்ததுதான் நல்ல இடம் பார்க்கச் சொல்லி நீ எழுதிய கடிதம்.

அன்றிலிருந்து இடம் பார்த்தேன். உன் கட்டளையை நான் தட்டியதாக நாளை யாரும் சொல்லக்கூடாது. முதலில் வந்தவர் குழந்தைகளைக் குதிரைமேல் உட்காரவைத்துப் படம் எடுப்பவர். "எத்தனை பிள்ளைங்களைத் தாங்கும்?" என்று கேட்டார். வாசலைக் காட்டினேன். இரண்டாமவர் ரொட்டிக்கடை முதலாளி, தங்கமான மனிதர், பச்சைப் பசேலென்று ஐந்து ஏக்கர் மேய்ச்சல் நிலம். "நம்ம வீட்டுக்கு வந்தா வயிறு நிறையத் திங்கலாங்க, யாரையும் பசியோட விட மாட்டோம்" என்றார். அவ்வளவு அன்பு இவருக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவதாக ஒரு ஓய்வு பெற்ற தாதி. குளம்பழற்சி என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது, நனைப்பதற்கு முன்தான் எடை போட வேண்டும் என்பதும் சொல்லாமலே தெரிந்திருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. நேரில் போய் அவர் தராசைச் சோதித்தேன். கிலோவுக்கு இருபது கிராம் பிசகு. அப்பாடா என்று திரும்பி வந்தேன்.

நான்காவதாகக் கிடைத்தவர்தான் பொருத்தமான ஆள். ஓய்வு பெற்றவர். தராசை நானே பலமுறை சோதித்திருக்கிறேன், ஒரு கிராம் பிசகில்லை. சர்க்கரை வியாதிக்காரர், ஆகவே வீட்டில் வெல்லமும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. பின்பக்கத்துப் புல்லை வேரோடு எடுத்து மணல் கொட்டிவிட்டார். மனைவி கைராசிக்காரி. மனிதருக்கு முன்கோபம் உண்டு, தப்பை ஒத்துக்கொள்ள நேரம் பிடிக்கும், ஆனால் ஒத்துக்கொள்வார். ஒன்றாம் தேதிக்கு வண்டியும் பேசிவிட்டேன். அதன் பிறகு இந்த வீட்டில் நிம்மதி திரும்பும், நான் மனிதர்களோடு மட்டும் பேசுவேன், சட்டையில் மரத்தூள் இல்லாமல் வெளியே போவேன். எல்லாவற்றுக்கும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் முழங்காலுக்கு எழுதிக் கொடுத்த மருந்தை நேரம் தவறாமல் சாப்பிடு. உன் மகளுக்கு என் அன்பு. குட்டி எஜமானி நூறு வயது வரை நல்ல கால்களோடு ஓடி விளையாட இந்தத் தாத்தாவின் வாழ்த்து. குழந்தையை எடை போடும்போது ஈரத்துணியோடு போட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வை.

இப்படிக்கு,
உன் அன்பு மறவாத தம்பி

பின்குறிப்பு: வண்டிக்காரரிடம் வர வேண்டாம் என்று இன்று காலை சொல்லிவிட்டேன். அந்த நான்காமவர் வீட்டுக்கு வண்டி தேவைப்படாது. முகவரி என்ன என்று நீ கேட்பாய். கடித உறையைத் திருப்பிப் பார், அனுப்புநர் என்று போட்ட இடத்தில் இருக்கிறது. உன் தம்பி பெண்டாட்டிக்கு இது உன் கடிதம் வந்த அன்றே தெரியுமாம், நான் மூன்று பேரைச் சோதித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாளாம். முழங்கால் சரியானதும் ஒருமுறை வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போ. பத்து மணிக்கு மேல் வந்தால் வாசலிலேயே இருப்பார். ஆசையாகப் பையில் கேரட் எடுத்து வந்தாயானால் அக்கா என்றும் பார்க்க மாட்டேன், பறிமுதல் செய்து எடை போட்டுக் குறித்துக்கொள்வேன். நனைக்காமல்தான்.